இருப்பு எடுக்கும் நாள்

டிரோன் சர்வீஸுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கொண்டுவரும் புகார் ஒன்றுதான். "அண்ணே, முப்பது பர்சன்ட் காட்டிச்சு. நம்பி இன்னொரு ஷாட் போனேன். படக்குனு பத்துக்கு வந்து தானா இறங்கிடுச்சு." இறங்கிய இடம் மண்டப வாசல் என்றால் தப்பித்தார்கள். தென்னந்தோப்போ கோயில் குளமோ என்றால், என் மேசைக்கு வருவது டிரோனின் மிச்சம்தான்.

தஞ்சாவூர்ப் பக்கம் டிரோன் பழுதுபார்ப்பது என் தொழில். கல்யாண வீடியோ எடுப்பவர்களின் சின்ன டிரோனும் வரும், வயலுக்கு மருந்து அடிக்கும் பெரிய டிரோனும் வரும். உடைந்த இறக்கை, எரிந்த மோட்டார் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பழுது. மாற்றிக் கொடுத்தால் தீர்ந்தது. எனக்கு அதிக நேரம் பிடிப்பவை வெளியே தெரியாத இரண்டு வேலைகள். ஒன்று, டிரோனுக்குள் ஓடும் நிரலுக்கு, அதாவது ஃபர்ம்வேருக்கு, அப்டேட் போடுவது. இன்னொன்று, பேட்டரியின் கணக்கை நேர் செய்வது. இரண்டையும் ஒரே மூச்சில், ஒன்றை அடுத்து ஒன்றாகச் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. முதல் வேலையை மட்டும் செய்துவிட்டு, 'அப்டேட் ஆயிடுச்சு' என்று டிரோனைக் கையில் கொடுத்து அனுப்புவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

கல்யாண டிரோனின் பேட்டரிக்குள் செல்லோடு ஒரு சின்னப் பலகையும் அதில் ஒரு சில்லும் இருக்கின்றன. எவ்வளவு மின்சாரம் உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று அந்தச் சில்லு ஓயாமல் கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கிறது. திரையில் தெரியும் சதவீதம் அந்தக் கூட்டல் கழித்தலின் விடை. வோல்டேஜைப் பார்த்தே சொல்லிவிடலாமே என்று கேட்பார்கள். சொல்ல முடிந்தால் நல்லதுதான். லித்தியம் பாலிமர் செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட், சில ரகங்கள் 4.35 வரை ஏறும். பறக்கத் தொடங்கியதும் மளமளவென்று 3.8-க்கு வந்துவிட்டு, வெகுநேரம் அதை ஒட்டியே நிற்கும். 3.6-ஐத் தாண்டியதும் சரிவு. நடுவில் நிற்கும்போது உள்ளே இருப்பது அறுபதா நாற்பதா என்று வோல்டேஜ் உறுதியாகச் சொல்லாது, மோட்டார்கள் இழுத்துக்கொண்டிருக்கும்போது கேட்கவே வேண்டாம். அதனால்தான் கூட்டல் கழித்தல்.

மளிகைக் கடையில் வரவு செலவு நோட்டு எத்தனை ஒழுங்காக இருந்தாலும், வருஷத்துக்கு ஒருமுறை மூட்டைகளை எண்ணி இருப்பு எடுப்பார்கள். சிந்தியதும் எலி தின்றதும் நோட்டில் ஏறியிருக்காது. பேட்டரியிலும் தானாக வடிந்த மின்சாரம், வெயிலில் தேய்ந்த செல், அளவீட்டில் விழும் பொடிப் பிழைகள் எல்லாம் சேர்ந்துகொண்டே போகும். 3830 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்ட பேட்டரி, இரண்டு மூன்று வருஷ உழைப்பில் 3100-தான் பிடிக்கிறது என்று வையுங்கள். சில்லு இன்னும் 3600 என்று நினைத்துக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறது. 2520 செலவான இடத்தில் திரை 30 சதவீதம் என்று காட்டும். உள்ளே நிஜமாக இருப்பது 580, அதாவது 19 சதவீதம். சற்று நேரத்தில் வோல்டேஜ் சரியத் தொடங்க, சில்லு விழித்துக்கொண்டு எண்ணைச் சட்டென்று கீழே இறக்கும். 'படக்குனு பத்துக்கு வந்துடுச்சு' என்று புகார் சொல்கிறவர்கள் பார்த்தது இதைத்தான்.

இருப்பு எடுப்பதற்கு நான் செய்வது இது. பேட்டரியை முழுதாக ஏற்றிவிட்டு ஓரிரண்டு மணி நேரம் சும்மா போட்டுவைப்பேன். செல் ஓய்ந்து நிலைத்த பிறகு கிடைக்கும் வோல்டேஜைத்தான் சில்லு நம்பிப் பிடித்துக்கொள்ளும். பிறகு காற்றில்லாத காலை நேரத்தில் வெட்டவெளியில், கைக்கு எட்டாத உயரத்தில் ஒரே இடத்தில் நிறுத்தி 30 சதவீதம் வரை இறக்குவேன். அதற்குக் கீழே பறக்கவிடுவதில்லை. தரையிறக்கி, இறக்கைகளைக் கழற்றிவிட்டு, கேமராவை ஓடவிட்டு மேசை ஃபேனுக்கு எதிரே வைத்துவிடுவேன். பறக்காத டிரோனுக்குக் காற்று கிடைக்காது, உள்ளே சூடேறும்; ஃபேன் அதற்காக. தானாக அணையும் வரை ஓடட்டும். அணைந்த பிறகு மறுபடி பட்டனை அமுக்கி இன்னும் கொஞ்சம் உறிஞ்சிப் பார்க்கக் கூடாது. சூடு தணிந்து சில மணி நேரம் ஓய்ந்ததும், கரண்ட் போகாத பொழுதாகப் பார்த்து இடைவிடாமல் 100 வரை ஏற்ற வேண்டும். காலியான பேட்டரியை நாள்கணக்கில் கிடக்கவிட்டால் கெட்டுவிடும்.

டிஜேஐ கம்பெனியின் பேன்டம் 2 டிரோன் காலத்துக் கையேட்டில் இருபது சார்ஜுக்கு ஒருமுறை இப்படி இறக்கச் சொல்லியிருந்தார்கள். பின்னால் வந்த மாடல்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றார்கள். ஆர்வக் கோளாறில் மாதா மாதம் செய்கிறவர்களும் உண்டு. வேண்டாம். அடிமட்டம் வரை இறக்குவது செல்லுக்குச் செலவுதான். அந்தச் செலவைச் சரியான கணக்குக்காக எப்போதாவது கொடுக்கிறோம், அவ்வளவே.

இப்படி இருப்பு எடுத்து, அதாவது கேலிப்ரேஷன் முடிந்த டிரோனைக் கொண்டுபோனவர் மறுவாரம் கோபமாக வருவார். "நீங்க கை வெச்ச பிறகு பறக்கிற நேரம் குறைஞ்சிடுச்சே!" குறையவில்லை. முன்னே இருபது நிமிஷம் என்று காட்டிப் பதினாறில் இறங்கியது. இப்போது பதினாறு என்றே காட்டுகிறது. தேய்ந்த செல்லை எந்தக் கேலிப்ரேஷனும் புதுசாக்காது. இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டியதும் இந்த வேலையில் ஒரு பங்கு என்றே நினைக்கிறேன்.

இனி அப்டேட். 'நல்லாத்தானே ஓடுது, எதுக்கு அப்டேட்?' என்பது நம் ஆட்களின் பொதுவான எண்ணம். புதுசாக ஏதோ வீடியோ மோட் வரும், நமக்கு எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். பேட்டரி சம்பந்தப்பட்ட அப்டேட்டுகளின் கதை வேறு. 2017-இல் டிஜேஐ ஸ்பார்க் டிரோன்கள் சில பறக்கும்போதே அணைந்து விழுந்தன. பேட்டரி மேலாண்மையைத் திருத்தி ஃபர்ம்வேர் கொடுத்தார்கள். செப்டம்பர் 1-க்குள் ஏற்றிக்கொள்ளாத டிரோன் அதன்பின் கிளம்பாது என்றும் அறிவித்தார்கள். 2018 அக்டோபரில் மேட்ரிஸ் 200 வரிசை டிரோன்களின் டிபி50, டிபி55 பேட்டரிகள் பற்றி பிரிட்டன் விமானப் போக்குவரத்து ஆணையம் எச்சரிக்கை கொடுத்தது. போதுமான சார்ஜ் இருப்பதாகத் திரை காட்டிக்கொண்டிருக்கும்போதே வானத்தில் மின்சாரம் அடியோடு நின்றிருக்கிறது. காவல் துறையினரும் பறக்கவிடும் டிரோன் அது. அதற்கும் தீர்வு ஃபர்ம்வேராகத்தான் வந்தது. செல்லைக் காப்பாற்றுவதும் கணக்கு எழுதுவதும் எந்த நேரத்தில் தரையிறக்குவது என்று முடிவெடுப்பதும் இன்று ஒரு நிரலின் கையில் இருக்கின்றன. அந்த நிரலில் பிழை இருந்தால், புது பேட்டரி வாங்கிப் போட்டாலும் பிழை அங்கேயேதான் இருக்கும்.

அப்டேட்டுக்கு டிரோனை மட்டும் கொண்டுவருகிறவர்களைத் திருப்பி அனுப்புவேன். நான்கு பேட்டரி வைத்திருந்தால் நான்கும் வர வேண்டும். ஒவ்வொரு பேட்டரிக்குள்ளும் தனியாக ஃபர்ம்வேர் இருக்கிறது. டிரோனுக்கும் ஒரு பேட்டரிக்கும் புதுசு ஏறி, மற்ற மூன்றும் பழசாக நின்றால், விடியற்காலை முகூர்த்தத்தில் இரண்டாவது பேட்டரியைச் செருகியதும் 'பதிப்பு பொருந்தவில்லை' என்று திரையில் வரும். மண்டபத்தில் நெட் கிடைக்காது. மாப்பிள்ளை அழைப்பு காத்திருக்காது.

பேன்டம் 3 இன்னும் சிலரிடம் ஓடுகிறது. அதற்கு அப்டேட் போடுவது எனக்குப் பிடித்த வேலை. ஃபர்ம்வேர் கோப்பை மெமரி கார்டில் போட்டுக் கேமராவில் செருகி, பாதிக்கு மேல் சார்ஜ் உள்ள பேட்டரியோடு ஆன் செய்தால், 'டி-டி-டி-டி' என்று அரை மணி நேரம் போல ஒலித்துக்கொண்டே இருக்கும். நல்லபடியாக முடிந்தால் ஒலி 'டி-டிடி' என்று மாறும். கோளாறு என்றால் ஒரே நீள ஒலி. நான் பக்கத்தில் வேறு வேலை பார்த்துக்கொண்டு காதை மட்டும் அங்கே வைத்திருப்பேன். அந்த அரை மணியில் யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது. பாதியில் மின்சாரம் நின்றால் பலகையே எழுந்திருக்காமல் போகலாம். பல மாடல்களில் பழைய பதிப்புக்குத் திரும்பவும் வழி கிடையாது.

அப்டேட் முடிந்ததும் திரும்பிவரும் உயரம், சிக்னல் போனால் என்ன செய்ய வேண்டும், எத்தனை சதவீதத்தில் எச்சரிக்க வேண்டும் என்பதையெல்லாம் மறுபடி பார்க்க வேண்டும். சில சமயம் இவை கம்பெனியிலிருந்து வந்த நிலைக்கே போய்விடும். காம்பஸ் கேலிப்ரேஷன் கேட்டால் மண் தரைக்குப் போய்ச் செய்யுங்கள். மண்டப மொட்டைமாடித் தளத்துக்குள் கம்பி ஓடுகிறது. காரின் பானட் இரும்பு. பிறகு தலை உயரத்தில் ஐந்து நிமிடம் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

மருந்து அடிக்கும் டிரோனில் நிலைமை வேறு. அதில் போடும் பேட்டரி பெரும்பாலும் வெறும் செல் கட்டு. 22.2 வோல்ட், 16000 அல்லது 22000 மில்லி ஆம்பியர் மணி. கணக்கு எழுத உள்ளே சில்லு இருக்காது. பல செட்டுகளில் இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்து 12 செல்லாக ஓட்டுகிறார்கள். முழுதாக ஏறினால் 50.4 வோல்ட். டிரோனின் கட்டுப்பாட்டுப் பலகை இந்த மொத்த வோல்டேஜை மட்டும் பார்த்து எச்சரிக்கிறது. அதுவும் நேரடியாகப் பார்ப்பதில்லை. இரண்டு மின்தடைகளைக் கொண்டு சில வோல்ட்டாகக் குறைத்து அளந்து, ஒரு பெருக்கு எண்ணால் பெருக்கித் திரையில் காட்டுகிறது. அப்டேட்டில் அந்தப் பெருக்கு எண் பழைய நிலைக்குப் போய்விட்டால் திரை சொல்வது பொய். திரையில் 43.2 என்று இருக்க, கனெக்டர் முனையில் மல்டிமீட்டரை வைத்தால் 42.2. அந்த ஒரு வோல்ட் முழுச் சார்ஜில் ஒன்றும் செய்யாது. கடைசிச் சரிவில் அதுதான் வரப்புக்கு வந்து இறங்குவதற்கும் நடவுக்குள் விழுவதற்கும் உள்ள இடைவெளி. அதனால் அப்டேட் போட்ட ஒவ்வொரு ஸ்ப்ரே டிரோனிலும் இரண்டு நிலையில் மீட்டர் வைப்பேன். முழு பேட்டரியில் ஒருமுறை, பாதி இறங்கியதில் ஒருமுறை. இரண்டிலும் திரையும் மீட்டரும் ஒத்துப்போனால்தான் வெளியே அனுப்புவேன்.

அரசின் வகைச் சான்று பெற்ற டிரோனில் தயாரித்தவர் கொடுத்த ஃபர்ம்வேரைத் தவிர வேறு எதிலும் நான் கை வைப்பதில்லை. கல்லூரி மாணவர்கள் பிக்ஸ்ஹாக் கட்டுப்பாட்டுப் பலகை வைத்துத் தாங்களே கட்டிய டிரோன்களைக் கொண்டுவருவார்கள். அவர்களிடம் சொல்வது ஒன்றே ஒன்று: அதில் ஓடும் ஆர்டுபைலட் நிரலின் பதிப்பை மாற்றும் முன் எல்லா அமைப்புகளையும் கோப்பாகச் சேமியுங்கள், மாற்றிய பின் பேட்டரி பகுதியை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். அந்த நிரலின் காப்டர் 3.6 பதிப்பு வந்தபோது, பேட்டரி இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ஃபெயில்சேஃப் அமைப்புகளின் பெயர்களே மாறின.

மொத்த வோல்டேஜை மட்டும் பார்ப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மொத்தம் 43.2 என்றால் செல்லுக்குச் சராசரி 3.6, பரவாயில்லை. ஆனால் ஒரு பேட்டரி 22.4-லும் இன்னொன்று 20.8-லும் இருந்தாலும் மொத்தம் அதே 43.2தான். அந்த 20.8-க்குள் ஐந்து செல் 3.6-இல் நிற்க, ஆறாவது 2.8-க்கு விழுந்திருக்கலாம். 3 வோல்ட்டுக்குக் கீழே போன செல் கெட்ட வழியில் இறங்கிவிட்டது என்று அர்த்தம். திரையில் இது எதுவும் தெரியாது. பழைய பேட்டரியோடு புது பேட்டரியைச் சேர்த்துப் போடாதீர்கள், வாங்கும்போது ஜோடியாக வாங்கி, எண் போட்டு, கடைசி வரை அந்த ஜோடியைப் பிரிக்காதீர்கள் என்று நான் மன்றாடுவது இதற்காகத்தான்.

நமோ டிரோன் தீதி திட்டம் 2023-இல் வந்தது. 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு டிரோன், விலையில் 80 சதவீதம், 8 லட்சம் ரூபாய் வரை மானியம். அப்படி டிரோன் வாங்கி ஓட்டும் ஒரு அக்கா என்னிடம் வருவார். நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு பக்கம். எத்தனையாவது சார்ஜ், எத்தனை டேங்க், இறங்கியதும் எத்தனை வோல்ட், அரை மணி கழித்து எத்தனை வோல்ட். ஒருநாள் வந்தவர் பேட்டரியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, நாலாம் நம்பர் ஜோடியில ஒண்ணு மத்ததைவிடச் சூடாகுது."

"எவ்வளவுக்கா?"

"கையை வெச்சு மூணு எண்ணுறதுக்குள்ள எடுத்துர வேண்டியிருக்கு. திரையில எல்லாம் சரியாத்தான் காட்டுது. எனக்குத்தான் மனசு ஒப்பலை."

சார்ஜரில் போட்டு ஒவ்வொரு செல்லின் உள்தடையைப் பார்த்தோம். ஐந்து செல் 2 மில்லி ஓம் சுமாரில் இருந்தன. ஒன்று 7. நிறை டேங்க்கோடு எழும்பும் டிரோன் 80 ஆம்பியர் போல இழுக்கும். 2 மில்லி ஓம் செல் அந்த இழுப்பில் 0.16 வோல்ட் தளரும். 7 மில்லி ஓம் செல் 0.56 வோல்ட் தளரும். தளரும் அத்தனையும் சூடாக மாறும். அக்காவின் கைக்குத் தெரிந்தது அந்த ஒரு செல்தான். அந்த ஜோடியை அன்றே ஒதுக்கினோம். விலை உயர்ந்த சாதனம் அந்தக் கோளாறைப் பிடிக்கவில்லை, கூர்ந்து கவனிக்கும் ஒருவர் பிடித்தார். அந்த நோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை வருகிறது.

ஒதுக்கிய பேட்டரியையும், உப்பிப்போனதையும் என்ன செய்வது என்று கேட்பார்கள். உப்பிய பேட்டரியை ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், தீப்பிடிக்கும். நான் திறந்த இடத்தில் மணல் தொட்டிக்குள் வைத்து, 24 வோல்ட் லாரி ஹெட்லைட் பல்பை இணைத்து மெதுவாக வடிப்பேன். வடிந்ததைக் குப்பையில் போடக் கூடாது. பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-இல் வந்துவிட்டன. பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. கேட்டு வாங்குங்கள்.

அப்டேட்டுக்கும் இருப்பு எடுப்பதற்கும் காலம் பார்க்க வேண்டும். கல்யாண டிரோனுக்கு ஆடியும் மார்கழியும். அந்த மாதங்களில் முகூர்த்தம் கிடையாது, ஏதாவது கோளாறு வந்தாலும் சரிசெய்ய அவகாசம் இருக்கும். டெல்டாவில் ஸ்ப்ரே டிரோனுக்கு உளுந்து, பயறு முடிந்து, ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து குறுவை தொடங்குவதற்கு முந்தைய வாரங்கள். ஆனால் அது கத்திரி வெயில் காலம். பெரும்பாலான பேட்டரிகளை 40 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போது சார்ஜ் செய்யக் கூடாது. பறந்து இறங்கிய பேட்டரியை வெயிலில் நிற்கும் வேனுக்குள்ளேயே சார்ஜில் போடுவது அதன் ஆயுளைக் கத்தரிக்கிற வேலை. மரநிழலில் ஈரச்சாக்குக்குப் பக்கத்தில் வைத்து ஆறவிடுங்கள், சாக்கின் மேல் வேண்டாம். வேலைக்கு முதல் நாள் இரவு மட்டும் எந்த அப்டேட்டும் போடாதீர்கள். திரை எத்தனை முறை கேட்டாலும் 'பிறகு' என்று அமுக்குங்கள்.

2022 பிப்ரவரி 9-இல் வெளிநாட்டு டிரோன்களை இறக்குமதி செய்யத் தடை வந்த பிறகு, கையில் இருக்கும் பழைய டிரோன்களை வருஷக்கணக்கில் ஓட்ட வேண்டிய நிலை பலருக்கு. பேட்டரியைக் காப்பாற்றினால்தான் தொழில் நிற்கும்.

கடைசியாக, டிரோன் வைத்திருப்பவர்களுக்கு அல்ல, வரப்பில் நின்று பார்க்கும் விவசாயிகளுக்கும் மண்டபத்தில் நிற்கும் வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். எச்சரிக்கை ஒலி கேட்டு ஓட்டுநர் இறக்கும்போது, "இன்னும் அரை டேங்க்தானே தம்பி, அடிச்சு முடிச்சுடு," "இன்னும் ஒரே ஒரு ஷாட்" என்று அவசரப்படுத்தாதீர்கள். பேட்டரி மாற்ற இரண்டு நிமிஷம் ஆகும். அந்த இரண்டு நிமிஷத்தை அவருக்குக் கொடுங்கள்.